புடவைக் கடையின் இரண்டாவது வாசல்

2023 செப்டம்பர் 27 அன்று புடவை விற்கும் நிறுவனம் ஒன்று பங்குச் சந்தையில் ஏறியது. பெயர் சாய் சில்க்ஸ் (கலாமந்திர்) லிமிடெட். தலைமையகம் ஹைதராபாத். ‘காஞ்சிபுரம் வரமகாலட்சுமி சில்க்ஸ்’ என்ற பெயர்ப்பலகையைச் சொன்னால் நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் சட்டென்று விளங்கும். வெளியீடு சுமார் 1,201 கோடி ரூபாய். பங்கு ஒன்றின் வெளியீட்டு விலை 222 ரூபாய். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடைக்காரர் என்றால் கல்லா, பேரம், கூலிப் பாக்கி. அப்படிப்பட்ட கடைக்காரர் ஒருவரின் லாப நட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்பது பட்டுத் தொழிலுக்கு அவ்வளவாகப் பழகாத சங்கதி.

எட்டிப் பார்க்க ஒரு வாசல் வேண்டுமல்லவா? புடவை வாங்க வருகிறவருக்கு முன்வாசல். பங்கு வாங்கியவருக்கு நிறுவனத்தின் இணையதளத்தில் ‘முதலீட்டாளர்கள்’ என்ற இன்னொரு வாசல். எந்த ஒரு நிறுவனத்தின் தளத்துக்கும் மதிப்பெண் போட நான் வரவில்லை. இப்படிப்பட்ட பக்கங்களை ரசித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கேட்டால் சிரிப்பார்கள். கோயில் சிற்பத்தை ரசிக்கலாம், கச்சேரியை ரசிக்கலாம், காலாண்டுக் கணக்கு போட்டிருக்கும் பக்கத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். நிறைய இருக்கிறது.

முதலில் சட்டம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் 46-ஆவது விதி இதற்கென்றே உள்ளது. பட்டியலிட்ட நிறுவனம் செயல்படுகிற தளம் ஒன்றை நடத்த வேண்டும். முதலீட்டாளருக்கான விவரங்களைத் தனிப் பகுதியில் வைக்க வேண்டும். ஏதாவது மாறினால் 2 வேலைநாளுக்குள் திருத்த வேண்டும். காலாண்டு முடிவு, ஆண்டறிக்கை, பங்குகள் யார் யார் கையில் என்ற விவரம், கடன் தர மதிப்பீடு, உறவினர் நிறுவனங்களோடு செய்யும் வியாபாரத்துக்கான கொள்கை, முறைகேட்டைச் சொல்லத் துணிகிறவருக்கான பாதுகாப்பு, குறை சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி என்று பட்டியல் நீள்கிறது. 2024 டிசம்பர் திருத்தத்தில் இயக்குநர்களின் சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பும் சேர்ந்துகொண்டது.

பெரும்பாலான நிறுவனங்கள் இந்தப் பட்டியலை அப்படியே கொட்டி வைத்துவிடுகின்றன. தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பினாலும் முகப்பில் படத்தை மாற்றுவார்கள், எழுத்துருவை மாற்றுவார்கள், முதலீட்டாளர் பக்கத்துக்கு வரும்போது கை சோர்ந்துவிடும். கையெழுத்திட்டு, ரப்பர் முத்திரை குத்தி, சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது, ஓர் எண்ணை நகலெடுக்க முடியாது. கோப்பின் பெயர் ‘புதியது இறுதி 2’ என்றிருக்கும். சட்டம் திருப்தியாகிவிடும்.

இந்தக் குவியலுக்கு நடுவே எப்போதாவது நல்ல கை பட்ட பக்கம் ஒன்று அகப்படும். அதை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? நான் முதலில் பார்ப்பது அட்டவணையின் தலைப்பை. ‘ரூபாய் கோடியில்’ என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் ஐந்து வருடத்துக்கு முந்தைய அட்டவணையிலும் அதே கோடிதானா? ஒரு வருடம் லட்சத்தில், மறு வருடம் மில்லியனில், அதற்கடுத்து கோடியில் என்று கணக்கு சொல்லும் நிறுவனங்கள் உண்டு. படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் புள்ளியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நல்ல பக்கம் ஓர் அலகைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்கும். அதோடு, கைபேசியில் கீழே தள்ளிக்கொண்டே போகும்போது தலைப்பு மறைந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு அட்டவணையின் மேலும் அந்த அலகை மறுபடி சொல்லும். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். புள்ளிக்குக் கீழ் புள்ளி இறங்கும். நட்டத்தைச் சிவப்பு மையில் மட்டும் காட்டாமல் அடைப்புக்குறிக்குள்ளும் போட்டிருக்கும். கறுப்பு வெள்ளையில் அச்செடுக்கிறவருக்கும், நிறம் பிரித்தறிய முடியாத கண்ணுக்கும் நட்டம் நட்டமாகவே தெரிய வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யாரோ ஒருவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

இதையும்விட நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. போன வருட லாபம் 84 கோடி என்று போன வருடம் சொன்னார்கள் என்று வையுங்கள். இந்த வருட அட்டவணையில் அதே போன வருட லாபம் 79 கோடி என்று நிற்கிறது. கணக்கு முறை மாறியிருக்கலாம், ஒரு பிரிவை விற்றிருக்கலாம், நியாயமான காரணம்தான். சாதாரணப் பக்கம் புது எண்ணை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். நல்ல பக்கம் 79-க்குத் தலைமேல் சின்ன நட்சத்திரம் ஒன்றை வைத்து, முன்பு சொன்ன எண் இது, மாறியதன் காரணம் இது என்று அடியில் இரண்டு வரி எழுதும். அழகிய முகப்புப் படங்கள் பத்தைவிட இந்த நட்சத்திரம் எனக்கு உசத்தி.

புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டை வாங்க வரும் விவரம் தெரிந்த பெண்கள் முந்தியை விரித்துப் பார்த்த கையோடு புடவையை உள்பக்கம் திருப்புவார்கள். ஜரிகை எங்கே மிதக்கிறது, எங்கே வெட்டியிருக்கிறார்கள், கரையும் உடலும் சேரும் இடம் எப்படி என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முதலீட்டாளர் பக்கத்தின் உள்பக்கம், நிர்வாகம் பகுப்பாய்வாளர்களோடு பேசிய காலாண்டு உரையாடலின் எழுத்து வடிவம். அடுத்த வர்த்தக நாள் தொடங்குமுன் அல்லது 24 மணி நேரத்துக்குள், எது முந்தியோ அதற்குள் ஒலிப்பதிவையும், 5 வேலைநாளுக்குள் எழுத்து வடிவத்தையும் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதில் நான் தேடுவது சங்கடமான கேள்வியை. ‘சரக்கு இருப்பு ஏன் இவ்வளவு ஏறியது?’ என்று ஒருவர் கேட்டிருப்பார். நிர்வாக இயக்குநர் தடுமாறி, ‘தனியாகச் சொல்கிறோம்’ என்று நழுவியிருப்பார். அந்தத் தடுமாற்றத்தைச் செதுக்கி நேராக்காமல், கேட்டவர் பெயரோடும் அவருடைய நிறுவனப் பெயரோடும் அப்படியே விட்டிருக்கும் பக்கம் நேர்த்தியான பக்கம்.

ஆரணியில் பங்குதாரர் யார் என்று கேட்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், அரிசி ஆலைக்காரர், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கைபேசியில் டீமேட் கணக்கு திறந்துகொடுத்த நெசவாளர். இவர்களோடு, எப்போதோ வாங்கிய பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பாட்டிகள். இவர்களுக்குக் காலாண்டு முடிவைவிட அவசரமான கேள்விகள் வேறு. “தம்பி, அவர் பேர்ல இருந்த பங்கு என்னாச்சு, அதுக்கு ஏதாச்சும் வருமா வராதா, அத மட்டும் பார்த்துச் சொல்லுப்பா” என்பதுதான் கேள்வி. ஈவுத்தொகையைத் தொடர்ந்து 7 ஆண்டு வாங்காமல் விட்டால் பணத்தோடு பங்கும் அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து மீட்கத் தனி விண்ணப்பம். பத்திர வடிவில் வைத்திருப்பவர் பான் எண், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொடுக்காவிட்டால் ஈவுத்தொகை நின்றுவிடும்; இது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. ஓர் ஆண்டில் ஒரு நிறுவனத்திலிருந்து வரும் ஈவு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வருமான வரி கட்ட வேண்டாத நிலையில் இருப்பவர் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பத்து இடத்தில் சிதறவிடாமல் ‘பங்குதாரர் இறந்துவிட்டால்’, ‘ஈவுத்தொகை வரவில்லை என்றால்’ என்று வாழ்க்கையிலிருந்து தலைப்பு எடுத்து வைத்திருக்கும் பக்கங்களைப் பார்த்தால் எழுந்து கும்பிடத் தோன்றும். ஒவ்வொரு படிவத்தோடும் நிரப்பிய மாதிரி ஒன்று. எங்கே அனுப்புவது என்ற முகவரி, அஞ்சல் குறியீட்டு எண்ணோடு. இணைப்புக்குப் பக்கத்தில் கோப்பின் அளவு, 300 கேபியா 40 எம்பியா என்று. டேட்டா தீரப்போகிறவருக்கு அது முக்கியம். நிறுவனச் செயலாளரின் பெயரும் மனிதர் எடுக்கும் தொலைபேசி எண்ணும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

இந்த இடத்தில் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேயைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலகின் பெரும் நிறுவனங்களில் ஒன்று. தளத்தில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, வெறும் இணைப்புகளின் வரிசை. தளத்தைப் பற்றிக் கருத்து இருந்தால் தபாலில் எழுதலாம், ஆனால் ஆள் குறைவு, பதில் போட முடியாது என்று முகப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 1977 முதல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் ஒன்று விடாமல் வரிசையாக இருக்கின்றன. புதுப்பிக்கிற வேலையில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான். தளம் புதிதானதும் பழைய முகவரிகள் செத்துப்போகும். எட்டு வருடத்துக்கு முந்தைய ஆண்டறிக்கையைத் தேடிப் போனால் ‘பக்கம் இல்லை’ என்று வரும். பங்குச் சந்தைக்குத் தெரிவித்த முக்கியச் செய்திகளைத் தளத்தில் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. நயம் தெரிந்தவர்கள் இருபது ஆண்டு வைத்திருப்பார்கள். பழைய முகவரியைத் தட்டினால் புதிய இடத்துக்குத் தானே கொண்டுபோய் விடும்படி செய்திருப்பார்கள். பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. நல்ல மறுவடிவமைப்பில் பாதி வேலை இப்படிக் கண்ணுக்கே படாது.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் இந்தப் பக்கங்களைப் படிக்கத் தெரிந்திருப்பதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்ன ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் 2022-இல் வெடித்தது. அது பட்டியலிடாத தனியார் நிறுவனம். 46-ஆவது விதி அதைத் தொடாது. பங்குப் பட்டியல், காலாண்டுக் கணக்கு, தணிக்கையாளர் அறிக்கை எல்லாம் ஒரு பக்கத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவை இல்லாத இடம் கொஞ்சமாவது உறுத்தும்.

இத்தனை பாராட்டிய பிறகு ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். காலாண்டு முடிவை ஓர் ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியின் மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் விதி. அதனால்தான் சென்னை, கோவை நிறுவனங்களின் கணக்கு தமிழ்ப் பத்திரிகைகளில் எறும்பு எழுத்தில் வந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பர் திருத்தம் அந்த அட்டவணையை அச்சிடுவதைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. முழு முடிவும் இருக்கும் இணையப் பக்கத்தின் விவரத்தோடு ஒரு க்யூஆர் கோடு போட்டால் போதும். நல்ல மாற்றம், காகிதமும் மிச்சம். ஆனால் தமிழ் விளம்பரத்தில் இருக்கும் க்யூஆர் கோடைக் கைபேசியில் காட்டினால் திறப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பக்கம். எறும்பு எழுத்தானாலும் தமிழில் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

தமிழில் பக்கம் போடுவதை முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. இன்ஃபோசிஸ் ஒரு காலத்தில் தன் நிதிநிலை அறிக்கையைப் பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் நாட்டுக் கணக்கு முறைகளில், அந்தந்த நாட்டு மொழிகளிலேயே ஆண்டறிக்கையில் அச்சிட்டது. சட்டம் கேட்கவில்லை, தானாகவே செய்தது. செபியின் நிதிக் கல்விக் கையேடு தமிழில் கிடைக்கிறது. நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெசவாளரே பங்குதாரர். அங்கே வரவு செலவு பேசுவது தமிழில்தான். இந்தச் சங்கங்களின் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கியது, ஆக கணக்கைத் தமிழில் கேட்டுப் பழகிய தலைமுறைகள் இங்கே உண்டு. அவர்களுக்கு ஈவுத்தொகை, சரக்கு இருப்பு, கடன் என்பதெல்லாம் புரியாத விஷயங்கள் அல்ல.

எனவே நீங்கள் பட்டியலிட்ட எந்தத் தமிழ்நாட்டு நிறுவனத்தின் பங்குதாரராக இருந்தாலும், அந்தத் தளத்தில் குறை சொல்வதற்கான மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தே ஆக வேண்டும். காலாண்டு முடிவின் ஒரு பக்கச் சுருக்கமும், பங்கை வாரிசுக்கு மாற்றும் படிவத்தின் விளக்கமும் தமிழில் வேண்டும் என்று அந்த முகவரிக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.