ஆய்வேட்டில் மட்டும் எட்டப்படும் இலக்கு

2015-இல் ஐ.நா. சபை ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மூன்றாவது, உடல்நலம். செவிலியர் துறையில் முனைவர் பட்டத்துக்கு எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றின் முதல் அத்தியாயத்தில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. 2030-க்குள் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பை 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று முன்னுரை சொல்லும். அடுத்த அத்தியாயங்களில் அந்த இலக்கு என்ன ஆகிறது?

செவிலியர் ஆய்வை இந்த இலக்கோடு இணைப்பதில் நியாயம் இல்லாமலில்லை. குறைமாதக் குழந்தையை மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பு இரவு ஷிப்டில் ஏன் தடைபடுகிறது, வீடு திரும்பிய சர்க்கரை நோயாளி இன்சுலினை எங்கே வைக்கிறார் என்பதெல்லாம் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கண்ணில் எளிதில் படாது. செவிலியருக்குத்தான் தெரியும். இத்துறை ஆய்வின் பலமே அதுதான்.

அந்தப் பலத்தை வீணாக்குகிறது நம் கல்லூரிகளில் ஊறிப்போன வாய்பாடு. ஏதோ ஒரு மருத்துவமனையில் அறுபது கர்ப்பிணிகள். கையில் ஒரு வினாத்தாள். ஃபிளிப் சார்ட் வைத்து ரத்தசோகை பற்றி அரைமணி நேரப் பாடம். ஏழாம் நாள் மறுபடி அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருக்கும், புள்ளியியலும் ஆமோதிக்கும். பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்று காட்ட ஒரு முனைவர் பட்டமா? அந்தப் பெண்களின் ரத்தசோகை குறைந்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு மாறாக, அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில், ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாக அது கண்டது. பணியாளர் எண்ணிக்கை பற்றிய வாதங்களில் இன்றும் அதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். உலகில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. பணியாளரை நியமித்துத் தக்கவைப்பதும் மூன்றாம் இலக்கின் ஓர் அங்கமே. ஆனாலும் நம் ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார்கள். தங்களை வார்டுக்குள் விடும் நிர்வாகத்தையே கேள்வி கேட்க வேண்டியிருக்குமே!

பழி முழுவதும் அவர்கள்மேல் இல்லை. வகுப்பெடுத்துக்கொண்டே, கைக்காசு போட்டுப் பகுதிநேரமாக ஆய்வு செய்பவரால் ஓராண்டு நோயாளிகளைப் பின்தொடர முடியாது. பல்கலைக்கழகங்கள் நிதியும் விடுப்பும் தர வேண்டும். வாய்மொழித் தேர்வில் இதையும் கேட்க வேண்டும்: உங்கள் முடிவால் எந்த வார்டில் எந்த நடைமுறை மாறும்? அதற்குப் பதில் இல்லையென்றால், முன்னுரையில் ஐ.நா. இலக்கு இருந்தும் பயனில்லை.