திருப்பம் காக்கும் மௌனம்: தமிழ் இணையத் தொடர்களைப் பார்க்கும் முறையும் பார்வையாளர் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

இணையத் தொடர்களைப் பற்றிப் பார்வையாளர் கூறும் கருத்து, தொடரின் தரத்தை மட்டும் சார்ந்ததன்று. தொடர் வெளியாகும் கால ஒழுங்கையும் பார்க்கப்படும் சூழலையும் சார்ந்தது. ‘கதையைச் சொல்லிவிடாதே’ என்பது ஓடிடி காலப் பார்வையாளரிடையே எழுதப்படாத விதியாகியுள்ளது. சமூகச் சிக்கல் ஒன்றைக் கதைத் திருப்பமாக ஒளித்து வைக்கும் தொடர்களில், இவ்விதி அச்சிக்கலையே பேசுபொருள் ஆகாமல் தடுத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ‘சுழல்’, ‘அயலி’ ஆகிய தொடர்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நோக்கில் ஒப்பிட்டு இவ்வாதம் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையத் தொடர், பார்வையாளர் கருத்து, மெய்ப்பாடு, மருட்கை, பெருமிதம், வில்லுப்பாட்டு, கடையநல்லூர்.

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள கடையநல்லூர், நெசவுக்கும் கடல் கடந்த பிழைப்புக்கும் பெயர்பெற்றது. இங்கிருந்து சிங்கப்பூருக்குச் சென்றோர் 1941ஆம் ஆண்டிலேயே ஊரின் பெயரால் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் பலர். எனவே இவ்வூர்க் குடும்பத்தினர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே தொடரைப் பார்ப்பர் என்று கொள்வதற்கில்லை.

சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ (1999–2001), ‘மெட்டி ஒலி’ (2002–2005) போன்ற நெடுந்தொடர்கள் ஒளிபரப்பான காலத்தில் பார்க்கும் நேரம் ஊருக்கே பொதுவாக இருந்தது. மறுநாள் பேச்சுக்கும் பொதுவான எல்லை ஒன்று இருந்தது. நேற்றைய பகுதிவரை எல்லாரும் பேசலாம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையச் செலவு குறைந்தது. கைபேசியே பலருக்குத் திரையாயிற்று. இன்று ஒரே வீட்டில் தாய் இரண்டாம் பகுதியிலும் மகள் எட்டாம் பகுதியிலும் இருக்கக்கூடும். வெளிநாட்டிலுள்ள தந்தை இன்னும் தொடங்காமலும் இருக்கலாம். மூவரும் ஒரே தொடரைப் பற்றி எதைப் பேச இயலும் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தொடக்கம். இது பார்வையாளர் கணக்கெடுப்பு அன்று. தொடர்களின் கதையமைப்பு எத்தகைய கருத்துக்கு இடமளிக்கிறது என்பதை ஆராயும் திறனாய்வு.

மூன்று கால ஒழுங்குகள்

தமிழில் தொடர்கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. அதனை வாரந்தோறும் படித்துக் காத்திருந்தோர் ஒரு வகையினர். இதழ்ப் பக்கங்களைத் தொகுத்துக் கட்டம் செய்து வைத்த தொகுதியைப் பின்னாளில் விடுமுறையில் ஒரே மூச்சில் படித்தோர் மற்றொரு வகையினர். எனவே ஒரே மூச்சில் நுகர்தல் என்பது ஓடிடி தந்த புதுவழக்கம் அன்று. வேறுபாடு ஒன்றே: கட்டம் செய்த தொகுதி கைக்கு வரும்போது அக்கதை பற்றிய ஊர்ப்பேச்சு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஓடிடி தளம் எட்டுப் பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிடும்போது, பேச்சு உருவாகுமுன்னரே தொகுதி கைக்கு வந்துவிடுகிறது.

இந்நோக்கில் இன்றைய தொடர்களை மூவகைப்படுத்தலாம். தொலைக்காட்சி நெடுந்தொடர் நாள்தோறும் வருவது. ‘சுழல்’, ‘வதந்தி’, ‘அயலி’ போன்றவை முழுமையாக ஒரே நாளில் வெளியானவை. 2024 மார்ச் மாதம் தொடங்கிய ‘ஹார்ட் பீட்’ வாரந்தோறும் சில பகுதிகளாக வந்தது. மூன்றாம் வகை, ஓடிடியில் வெளியானாலும் வார இதழின் கால ஒழுங்கை மீட்டெடுப்பது. மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேரும் ரீனாவின் தாய் யார் என்பதைப் பார்வையாளர் முன்னரே அறிகின்றனர். மற்றவர்க்கு அது எப்போது தெரியவரும் என்பதே எதிர்பார்ப்பு. இங்குப் பார்வையாளர் பேசுவதற்கு அஞ்ச வேண்டிய இரகசியம் சிறிதே.

‘இழுவை’ என்னும் அளவுகோல்

இணையத் தொடர்களைப் பற்றிய உரையாடலில் மிகுதியாக வழங்கும் சொற்கள் இரண்டு: ‘விறுவிறுப்பு’, ‘இழுவை’. ‘இழுவை’ என்பது நெடுந்தொடர் காலத்தில் வலுப்பெற்ற கண்டனச் சொல். ஒரே உரையாடலைப் பல நாள்கள் நீட்டியும், ஒரே முகபாவத்தைப் பல கோணங்களில் காட்டியும் நாள்களைக் கடத்திய தொடர்களுக்கு அது பொருத்தமான கண்டனமே. எட்டுப் பகுதிகளில் முடியும் தொடருக்கு அச்சொல்லை அப்படியே பொருத்துவதில் இடர் உண்டு. குற்றவாளியை நோக்கி நகராத காட்சிகள் அனைத்தும் ‘இழுவை’ என ஒதுக்கப்படுகின்றன. பத்து நொடி முன்னோக்கிச் செலுத்தும் பொத்தானும், தானே தொடங்கும் அடுத்த பகுதியும் இம்மனநிலைக்குத் துணைசெய்கின்றன.

‘விறுவிறுப்பு’ எனப் பாராட்டப்படுவது பெரும்பாலும் மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கையே. தொல்காப்பியர் மருட்கை பிறக்கும் களங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கைச் சுட்டுகிறார். கதைத் திருப்பம் தருவது இவற்றுள் புதுமையின்வழிப் பிறக்கும் மருட்கை. அறிந்தபின் புதுமை இல்லை. ஆகவே அம்மருட்கையும் மீண்டும் அதே அளவில் பிறப்பதில்லை. ‘கதையைச் சொல்லிவிடாதே’ என்னும் வேண்டுகோள் இவ்வகையில் நியாயமானதே. ஆயின் ஒரு தொடர் தன் முழுப்பொருளையும் இவ்வொரு மெய்ப்பாட்டின்மேல் ஏற்றிவைத்தால் அப்பொருளுக்கு என்ன நேரும் என்பது ஆராயத்தக்கது.

சுழல்: சொல்லக்கூடாத விடை

புஷ்கர்–காயத்ரி உருவாக்கத்தில் பிரம்மா, அனுசரண் முருகையன் ஆகியோர் இயக்கிய ‘சுழல்’ முதற்பருவம் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. சாம்பலூர் என்னும் கற்பனை மலையூரில் சிமெண்ட் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஐயம் ஒவ்வொருவர்மேலும் மாறி மாறி விழுகிறது. இறுதியில் அறியப்படும் உண்மை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிலாவும் அவளுக்கு முன்னே அக்காள் நந்தினியும் சிறுவயதில் குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய உறவினரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள்.

இத்தொடரின் சமூக முதன்மை இவ்விடையில்தான் உள்ளது. ஆயின் இவ்விடையே திருப்பமும் ஆகும். எனவே தொடரைப் பிறர்க்குப் பரிந்துரைப்பவர் நடிப்பையும் ஒளிப்பதிவையும் பின்னணி இசையையும் புகழலாம். அது எதைப் பற்றிய தொடர் என்பதை மட்டும் சொல்ல இயலாது. குழந்தைகளுக்கு நேரும் வன்முறை வீடுகளில் பேசப்படாமல் மறைக்கப்படுவதைக் கண்டிக்கும் படைப்பு, தன் பார்வையாளரிடமும் அதே மௌனத்தை வேண்டி நிற்கிறது.

இதற்கு மறுப்பும் கூறலாம். அருகிலிருந்தும் எவரும் காணாத கொடுமையைப் பார்வையாளரும் இறுதிவரை காணாதிருத்தலே கலைநியாயம். தாமும் கவனிக்கத் தவறினோம் என்னும் உணர்வே தொடர் தரும் பாடம் என்பர். முதன்முறை பார்ப்பவர்க்கு இது முற்றிலும் பொருந்தும். இத்தொடரின் வலிமையும் அதுவே. ஆனால் அவ்வுணர்வு ஒருவர் மனத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறதா, வீட்டுப் பேச்சாக வளர்கிறதா என்பது வேறு வினா. பேச்சாக வளர்வதற்கான வழியைத் திருப்பம் காக்கும் ஒழுக்கம் அடைத்துவிடுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கதை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு இணைந்து நகர்கிறது. விறுவிறுப்பையே அளவுகோலாகக் கொண்டால் விழாக் காட்சிகள் விசாரணைக்குத் தடையாகத் தோன்றும். மயானக் கொள்ளை, மேல்மலையனூர் முதலிய வடதமிழகத் தலங்களில் அங்காளம்மன் வழிபாட்டோடு நிகழ்வது. சுடலைமாடன் கொடைவிழாவை அறிந்த தென்காசிப் பகுதிப் பார்வையாளர்க்கு அது அயலான சடங்கு. ஆயினும் சாமியாட்டத்தின் பொருள் அயலானதன்று. தீமையை அழிக்கும் அம்மன் கதை விழாவில் முன்னரே நிகழ்த்தப்படுவதால்தான் நந்தினியின் இறுதிச் செயல் பொருள் பெறுகிறது. ‘இழுவை’ எனத் தாண்டிச் செல்பவர் விடையை அறிவார். விடையின் பொருளை இழப்பார்.

அயலி: முன்னே வைக்கப்பட்ட சிக்கல்

முத்துக்குமார் இயக்கிய ‘அயலி’ 2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளியானது. கதை 1990ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டைப் பகுதியின் வீரப்பண்ணை என்னும் சிற்றூரில் நிகழ்கிறது. பூப்பெய்திய பெண் பள்ளிக்குச் செல்லக்கூடாது என்பது அவ்வூர் வழக்கம். ஊர்த்தெய்வமான அயலியின் சினத்துக்கு அஞ்சியே அது பின்பற்றப்படுகிறது. மருத்துவராக விரும்பும் மாணவி தமிழ்ச்செல்வி தான் பூப்பெய்தியதை மறைத்துப் பள்ளிக்குச் செல்கிறாள்.

இங்கும் இரகசியம் உண்டு. ஆனால் அது பார்வையாளரிடமிருந்து மறைக்கப்படுவதன்று. ஊரிடமிருந்து மறைக்கப்படும் அதனைப் பார்வையாளரும் தமிழ்ச்செல்வியோடு சேர்ந்து சுமக்கின்றனர். எதிர்பார்ப்பு ‘யார்’ என்பதிலன்று, ‘எதுவரை’ என்பதில் உள்ளது. எனவே முதற்பகுதி மட்டும் பார்த்தவரும் எட்டையும் முடித்தவரும் ஒரே சிக்கலைப் பற்றித் தடையின்றிப் பேசலாம். கதையைச் சொன்னாலும் கெடுவதற்கு எதுவும் இல்லை.

தொல்காப்பியர் பெருமிதத்தின் களங்கள் நான்கனுள் கல்வியை முதலாவதாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. ‘அயலி’ எழுப்பும் தலைமை மெய்ப்பாடு கல்விவழிப் பிறக்கும் பெருமிதம். புதுமைவழி மருட்கையைப் போன்று அது அறிந்தவுடன் தீர்வதன்று. மறுமுறை பார்க்கையிலும் பிறரிடம் சொல்லுகையிலும் பெருகுவது. இதனால் ‘சுழல்’ தாழ்ந்தது, ‘அயலி’ உயர்ந்தது என்பது கருத்தன்று. அழகியல் செறிவில் முன்னது மிக்கது. பின்னதன் உரையாடல்கள் சிலவிடங்களில் நேரடி அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் பார்வையாளர் கருத்துக்கு இடந்தரும் அமைப்பு பின்னதிலேயே உள்ளது.

அறிந்த கதையைக் கேட்கும் மரபு

கதையின் முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பது தமிழ் நிகழ்த்துகலை மரபுக்குப் பொதுவிதி அன்று. தென்மாவட்டக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு கேட்போர் சுடலைமாடனின் கதையையும் முத்துப்பட்டனின் கதையையும் முன்பே அறிந்தவர்கள். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, சாதி கடந்த மணத்தையும் பட்டனின் இறப்பையும் பாடுவது. பட்டன் மாய்வான் என்பதை அறிந்தே அவையினர் விடிய விடிய அமர்ந்திருப்பர். நபிமார் வரலாறு கூறும் இசுலாமியத் தமிழ்க் கிஸ்ஸாக்களும் கேட்போர் அறிந்த வரலாற்றையே எடுத்துரைப்பவை. இவ்விரு மரபுகளிலும் முடிவு பொதுச்சொத்து. அது எவ்வாறு சொல்லப்பட்டது, அது நியாயமா என்பதே அவையினரின் கருத்தாக அமைகிறது.

இதனோடு மற்றொரு வழியும் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ ஆதித்த கரிகாலன் கொலைக்கு ஐயமற்ற விடை தராமலே முடிகிறது. விடை மூடப்படாததால் வாசகர் பேச்சும் ஓயவில்லை. முன்னே வைக்கப்பட்ட சிக்கலும் திறந்து விடப்பட்ட விடையும் ஆகிய இரண்டுமே பேச்சை வளர்ப்பன. இறுதிவரை ஒளித்துவைத்து ஒரே கணத்தில் முற்றாகத் திறக்கப்படும் விடையே பேச்சை அடைப்பது.

முடிவுரை

ஓடிடி தளங்கள் ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பக்கம் அமைத்துத் தருகின்றன. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021 உள்ளடக்கத்தை 7, 13, 16 என வயது வரம்பிட்டுப் பகுத்துப் பெற்றோர் பூட்டு வசதியையும் வேண்டுகின்றன. எவர் பார்க்கலாம் என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. பார்த்தபின் எவரோடு பேசலாம் என்பதற்கு இடமில்லை. குடும்பத்தார் வெவ்வேறு நாடுகளில் வாழும் கடையநல்லூர் போன்ற ஊர்களில் இக்குறை மேலும் கூர்மை பெறுகிறது.

எனவே பார்வையாளர் கருத்தை ஆராய்வோர், ‘பிடித்ததா, எத்தனை பகுதிகளை ஒரே நாளில் பார்த்தீர்கள்’ என்னும் வினாக்களோடு நிறுத்தலாகாது. ‘இத்தொடரைப் பற்றி வீட்டில் யாரிடம், எதைச் சொன்னீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள்’ என்றும் வினவ வேண்டும். திறனாய்வாளர்க்கும் கடமை உண்டு. நாளிதழ் மதிப்புரை திருப்பத்தைக் காக்கலாம். ஆய்வுக் கட்டுரையும் வகுப்பறையும் அதைக் காக்க வேண்டியதில்லை. ‘சுழல்’ குழந்தைகளுக்கு வீட்டுக்குள் நேரும் வன்முறையைப் பற்றிய தொடர் என்று முதல் வரியிலேயே சொல்வதால் அதன் மருட்கை குறையலாம். அதைப் பார்க்கும் தாயும் மகளும் பேசத் தொடங்குவார்களாயின், அவ்விழப்பு பெரிதன்று.