ஓதநீரில் தக்கையும் ஈயமும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கடற்கரையில் மியாமி, கில்சிஸ், வில்சன், டிராஸ்க், டில்லமூக் என்னும் ஐந்து ஆறுகள் ஒரே விரிகுடாவில் வந்து கலக்கின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரையில், சமுத்திரத்தில் சில ஆண்டுகள் வளர்ந்து பருத்த சினூக் சால்மன் மீன்கள், முட்டையிடுவதற்காகத் தாம் பிறந்த ஆற்றைத் தேடி இந்த விரிகுடாவின் வழியே ஏறி வரும். மலைகளில் மழை பெய்து ஆறு பெருகும் வரையில், ஓதம் ஏறி இறங்கும் தாழ்ந்த பகுதிகளிலுள்ள ஆழமான மடுக்களில் தங்கி நிற்கும். அங்கே அவற்றைப் பிடிப்பதற்குத் தக்கைத் தூண்டிலைப் போல உகந்த உபகரணம் வேறில்லை என்பது தூண்டிற்காரர் பலருடைய அபிப்பிராயம். அது பெரும்பாலும் நியாயமான அபிப்பிராயமே. ஆனால் அவர்கள் தக்கையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் அதன் கீழே பாரமாகத் தொங்கும் ஈயத்தின் மீது காட்டுவதில்லை என்பதும், அந்த அலட்சியமே இம்முறையின் தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பதும் என்னுடைய கருத்து.

அமைப்பு எளியது. தூண்டிற்கோலின் நீளம் எட்டு ஒன்பது அடியாகவும், மடுவின் ஆழம் பதினைந்து அடியாகவும் இருக்கும்போது, தக்கையைத் தூண்டில் நரம்பில் ஓரிடத்தில் இறுகக் கட்டிவிட்டால், கீழே தொங்கும் நரம்பின் நீளத்தினால் தூண்டிலை வீசவே முடியாது. ஆகவே, நடுவில் துளையுள்ள தக்கையை நரம்பின் மீது வழுக்கி ஓடும்படி விட்டு, வேண்டிய ஆழத்துக்குரிய இடத்தில் நூலால் ஒரு சிறு முடிச்சையும் அதற்கடியில் ஒரு மணியையும் வைக்கிறார்கள். வீசும்போது தக்கை ஈயத்தை ஒட்டியே செல்கிறது. தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு இறங்க, முடிச்சு மணியில் வந்து முட்டும் கணத்தில் இரையின் ஆழம் நிலைபெறுகிறது. ஈயத்துக்குக் கீழே ஒன்றரை அடி முதல் இரண்டரை அடி வரையில் தனி நரம்பு, அதன் நுனியில் முள், முள்ளில் பதப்படுத்திய சால்மன் முட்டைக் கொத்து. ஓதம் ஏறினால் முடிச்சை மேலே தள்ளலாம், வற்றினால் கீழே இறக்கலாம். நாளொன்றில் ஆறு முதல் எட்டு அடி வரை நீர்மட்டம் மாறும் பிரதேசத்தில் இது பெரிய சௌகரியம்.

இதைவிட மேலான சிறப்பு ஒன்றும் உண்டு. ஆற்றின் தரையில் ஈயத்தை உருட்டி, நீண்ட நரம்பை ஓட்டத்தின் குறுக்கே இழுத்துச் செல்லும் முறையில், இரையை விரும்பாத மீனின் வாயிலும் முள் பாய்ந்துவிடுகிறது. கனடாவின் பிரேசர் ஆற்றில் சாக்கை சால்மனை இவ்விதம் பிடிப்பதைக் குறித்துத் தூண்டிற்காரர்களுக்குள்ளேயே நீண்ட காலமாகக் கண்டனம் எழுந்து வருகிறது. தக்கையின் கீழ்த் தொங்கும் இரையையோ மீன் தானே வந்து கவ்வ வேண்டும். வேண்டாமென்று விலகிப் போவதற்கு அதற்கு வழி இருக்கிறது என்பதனாலேயே இம்முறையிடம் எனக்கு மதிப்பு.

இனி ஈயத்துக்கு வருவோம். தக்கை ஒவ்வொன்றின் மீதும் அது தாங்கக்கூடிய பாரம் இன்னதென்று அவுன்ஸ் கணக்கில் குறித்திருப்பது வழக்கம். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிய தக்கையை வாங்கி, அதன் கீழ் அரை அவுன்ஸ் ஈயத்தைத் தொங்கவிடுவோர் அநேகர். அப்படிப்பட்ட தக்கை நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். இரையைக் கவ்விய மீன் அதன் மிதப்புச் சக்தி முழுவதையும் எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால், சந்தேகமுற்று இரையை உமிழ்ந்துவிடும். தாங்கும் பாரத்துக்கு ஏற்ற ஈயம் இருந்தால் தக்கையின் தலை மாத்திரமே வெளியே தெரியும். மீன் இரையோடு மேல்நோக்கி எழுந்து ஈயத்தின் பாரம் நீங்கினாலும், தக்கை சாய்ந்து படுத்து அதை உடனே அறிவித்துவிடும்.

ஆயினும் ஈயத்தின் உண்மையான வேலை ஓதநீரில்தான் விளங்குகிறது. ஆறு முழுவதும் ஒரே திசையில் ஒரே வேகத்தோடு ஓடுமானால், தக்கையும் ஈயமும் இரையும் அதனோடு சேர்ந்தே மிதந்து போகும். அவற்றுக்கிடையே இழுபறி ஏதுமில்லாததால் சிறிய ஈயமே போதும். கழிமுகத்திலோ, கனம் மிகுந்த உப்புநீர் ஆப்பைப் போல அடியில் நுழைய, இலேசான ஆற்றுநீர் அதன் மேலே பரவி ஓடுகிறது. ஓதம் ஏறத் தொடங்கும் வேளையில் மேல்நீர் கடலை நோக்கியே சென்றுகொண்டிருக்க, அடிநீர் உள்நாட்டை நோக்கித் திரும்பிவிடுவதும் உண்டு. அப்போது தக்கை ஒரு திசையிலும் இரை மறு திசையிலும் இழுக்கப்பட்டு, இடையிலுள்ள நரம்பு சரிகிறது. பதினைந்து அடி நரம்பு செங்குத்திலிருந்து முப்பது பாகை சரிந்தால் இரை பதின்மூன்று அடி ஆழத்தில் நிற்கும்; நாற்பத்தைந்து பாகை சரிந்தால் பத்தரை அடியில் நிற்கும். சினூக் மீன்களோ பெரும்பாலும் தரையை ஒட்டியே நிற்பவை. முடிச்சைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு தூண்டிற்காரர் காத்திருக்க, இரை மீன்களின் தலைக்கு மேலே நாலு அடி உயரத்தில் பிரயோஜனமின்றிப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே ஈயம் எதிர்த்து நிற்க வேண்டியது ஓட்டத்தின் வேகத்தையே அல்ல, இரண்டு ஓட்டங்களுக்கு இடையேயுள்ள வேற்றுமையை.

தக்கை நிமிர்ந்து நில்லாமல் ஒருபுறம் சாய்ந்தபடியே மிதக்குமானால், நரம்பு சரிந்திருக்கிறது என்று அறியலாம். அதைக் கண்டவுடன் முடிச்சை மேலே தள்ளி நரம்பை நீட்டுவது பலருடைய பழக்கம், அது தவறு. நீண்ட நரம்பை நீர் இன்னும் அதிகமாகத் தள்ளும். இரண்டு ஓட்டங்களும் ஒன்றுபட்ட கணத்திலோ இரை தரையில் புரண்டு சருகிலும் கட்டையிலும் சிக்கும். ஈயத்தை இரண்டு, வேண்டுமானால் மூன்று அவுன்ஸாக உயர்த்தி, அதைத் தாங்கும் தக்கையை மாட்டுவதே பரிகாரம். சுருளிலிருந்து வரும் பிரதான நரம்பும் இதில் பங்கு கொள்கிறது: நைலான் நரம்பு மெல்ல அமிழ்ந்து ஓட்டத்தில் வளைந்து தக்கையை இழுக்கும்; தண்ணீரைவிட இலேசான பாலிஎத்திலீன் பின்னல் நரம்போ மேலேயே மிதப்பதால், அதைக் கோலால் தூக்கி மறுபுறம் இட முடியும்.

வற்று நீர் வேகம் கொண்டுவிட்டால் இவ்வளவு சாமர்த்தியமும் பயன்படாது. தக்கை மடுவைச் சில நிமிஷங்களில் கடந்துவிடும். அந்த வேளையில் படகை நங்கூரமிட்டு வேறு முறையைக் கையாளுவதே விவேகம். ஏறிய நீரும் இறங்கிய நீரும் நின்று திரும்பும் இடைவேளைகளையும் அவற்றை அடுத்த நேரத்தையுமே தக்கை தனக்கு உரியதாகக் கொண்டிருக்கிறது. அக்கடற்கரையில் நாளொன்றில் வரும் இரண்டு ஏற்றங்களும் சமமானவை அல்ல. ஆதலால் ஓத அட்டவணையைப் பாராமல் செல்பவர் தக்கையைக் குறை கூறுவதற்கு நியாயமில்லை.

இம்முறை மீனைத் தேர்ந்தெடுக்காது என்பது அதன் மெய்யான குறை. ஆரிகன் கடற்கரைக் கோஹோ சால்மன், அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக 1998இல் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இனம். அதுவும் அதே மடுவில் அதே முட்டைக் கொத்தைக் கவ்வும். பல பருவங்களில் இயற்கைக் கோஹோவைப் பிடித்தவுடன் விட்டுவிட வேண்டும். இரையை ஆழ விழுங்கிச் செவுள் கிழிந்த மீனைத் தண்ணீரில் விட்டாலும் அது பிழைப்பது அரிது. ஆகையால் தக்கை அமிழ்ந்த பின்னும் பொறுத்திருக்கச் சொல்லும் உபதேசத்தை நான் ஏற்கமாட்டேன். அமிழ்ந்த கணத்திலேயே கோலை உயர்த்தினால் முள் பெரும்பாலும் வாயோரத்தில் பாயும். இரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோடியம் சல்பைட் சேர்த்துப் பதப்படுத்திய முட்டைகளைத் தின்ற சால்மன் குஞ்சுகள் மடிவதுண்டு என்று ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆகவே அந்த உப்பை விலக்குவது கடமை.

ஈயம் என்னும் உலோகத்தைப் பற்றிய கேள்வியும் எஞ்சி நிற்கிறது. இரைப்பைக்கு வேண்டிய சிறுகற்களோடு ஈயக்குண்டுகளையும் விழுங்கி அன்னங்கள் விஷமேறி மாண்டதைக் கண்டு, பிரிட்டன் 1987இல் ஓர் அவுன்ஸ் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. சால்மன் தூண்டிலின் குண்டு அந்த அளவை மிஞ்சுவதாலும், தக்கையில் தொங்கும் குண்டு தரையில் சிக்கி அறுவது குறைவாதலாலும், தமக்கு அக்கவலை வேண்டாம் என்பார் உண்டு. ஆனாலும் அறுந்து விழும் சிலவும் நீரடியில் பல காலம் கிடக்கும். எஃகு போதிய கனமற்றது என்னும் ஆட்சேபம் கணக்குக்கு நிற்பதில்லை. ஈயத்தின் அடர்த்தி 11.34, எஃகின் அடர்த்தி 7.85, இரண்டு அவுன்ஸ் ஈயம் நீருக்குள் ஏறக்குறைய 1.82 அவுன்ஸ் பாரத்தோடும், அதே எடையுள்ள எஃகு 1.75 அவுன்ஸ் பாரத்தோடும் நரம்பை இழுக்கின்றன. எஃகுக் குண்டு பருமனில் ஒன்றரை மடங்குக்குச் சற்றே குறைவாக இருக்கும். அதனால் நீர் சிறிது அதிகமாகத் தள்ளும். அந்த வேற்றுமையைக் கால் அவுன்ஸ் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். தக்கையை மாற்ற வேண்டிய அவசியங்கூடப் பெரும்பாலும் நேராது.