‘காந்தா’: துப்பறிவாளன் கேளாத கேள்வி

செல்வமணி செல்வராஜின் நெறியாள்கையில் 2025 நவம்பரில் வெளிவந்த ‘காந்தா’, 1950களின் சென்னைத் திரையுலகைக் களமாகக் கொண்டது. ‘ஐயா’ எனப்படும் இயக்குநர் ‘சாந்தா’ எனத் தொடங்கிய படத்தை, அவரால் உருவாக்கப்பட்ட உச்ச நடிகன் மகாதேவன் ‘காந்தா’ எனப் பெயர் மாற்றித் தனதாக்க முனைகிறான். இருவருக்குமிடையே அகப்பட்ட புதுமுக நடிகை குமாரி கொல்லப்பட, பிற்பாதி துப்பறியும் கதையாகிறது.

படம் சுவையானது என்பதில் ஐயமில்லை. துல்கர் சல்மானும் சமுத்திரக்கனியும் மோதும் முற்பாதியில், புகழ் என்பது தனியொருவரின் பண்பன்று, பலரது உழைப்பைத் தன்பேரில் எழுதிக்கொள்ளும் அதிகாரம் என்ற உண்மை புலனாகிறது. ஆயின் கொலை நிகழ்ந்ததும் கதை பழகிய தடத்தில் இறங்கிவிடுகிறது. சந்தேகத்துக்குரியோர் வரிசை, அதிகாரியின் குறுக்கு விசாரணை, இறுதி வெளிப்பாடு என யாவும் முன்னரே உணரத்தக்கவையாய் உள்ளன.

இதனை வெறும் திரைக்கதைக் குறைபாடாக நாம் கொள்ளவில்லை. துப்பறியும் கதை ஒரு குற்றவாளியை வேண்டிநிற்கும் வடிவம். அவன் அகப்பட்டதும் ஏனையோர் குற்றமற்றோர் ஆகின்றனர். நட்சத்திரப் புகழோ ஒருவரால் ஆக்கப்படுவதன்று. அப்பொருளை இவ்வடிவத்துள் அடைக்குமிடத்துச் சமூகம் தப்பிவிடுகிறது. குமாரியும் இரு ஆடவரின் பகைக்குரிய தடயமாகச் சுருங்குகிறாள்.

அக்காலத்து மெய்யான வழக்கொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சில வாரங்களில், நவம்பர் 8ஆம் திகதி, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் தண்டிக்கப்பட்டனர். இலண்டன் கோமறைக் கழகத்தின் ஆணைப்படி மேன்முறையீடு மீண்டும் விசாரிக்கப்பட, 1947இல் விடுதலையாயினர். பாகவதரின் பழைய புகழ் மீளவில்லை. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய ஏடுகளில் லட்சுமிகாந்தன் விற்றது நடிகர்களின் அந்தரங்கம். அதற்கும் வாசகர் இருந்தனர். வழிபாடும் வம்பும் ஒரே சந்தையின் இரு பண்டங்கள் என்பதே அவ்வழக்கு உணர்த்தும் சமூக உண்மை.

குளத்தையும் வயலையும் நம்பி வாழும் அக்கராயன் போன்ற வன்னிக் கிராமத்திலிருந்து நோக்குவோர்க்கு இவை சென்னையின் விவகாரங்களாகத் தோன்றலாம். அவ்வாறன்று. 1990களில் மின்விநியோகமின்றி இருந்த வன்னியிலே, இன்று நடிகரின் படமும் அவரைப் பற்றிய வதந்தியும் ஒரே கைத்தொலைபேசித் திரையில் வந்துசேர்கின்றன. காசும் நேரமும் கொடுத்து அவ்விரண்டையும் வாழவைப்போருள் நாமும் அடங்குவோம்.

கொன்றவர் யார் என்பதற்குக் ‘காந்தா’ விடை தருகிறது. அப்புகழை விலைகொடுத்து வாங்கியோர் யார் என்று வினவியிருப்பின், விசாரணை படப்பிடிப்புத் தளத்தைவிட்டு நீங்கி, பார்வையாளரின் இருக்கைகளை நோக்கித் திரும்பியிருக்கும். நட்சத்திரப் பண்பாட்டைப் பொருளாகக் கொள்ளும் கலைஞரிடம் நாம் எதிர்பார்ப்பது அத்துணிவையே.