கூத்துமாடத்திலிருந்து பள்ளி மேடைக்கு: பாலக்காட்டு இளம் புலவர்களின் சிறார் அரங்கும் கம்பன் செய்யுளும்

முன்னுரை

சிறுவர் அரங்கு என்னும் தொடர் இருவகைப் பொருளில் வழங்கிவருகின்றது. சிறுவர்களே நடிக்கும் நாடகம் ஒன்று. சிறுவர்களைக் காண்போராகக் கொண்டு வளர்ந்த கலைஞர்கள் நிகழ்த்தும் நாடகம் மற்றொன்று. கேரளத்தின் வெஞ்ஞாறமூட்டுப் பகுதியில் 1970இல் கொச்சுநாராயண பிள்ளை தொடங்கிய ரங்கப்ரபாத் முதல்வகைக்கும், புதுச்சேரியில் வேலு சரவணன் உருவாக்கிய ஆழி சிறுவர் நாடகக்குழு இரண்டாம் வகைக்கும் தக்க சான்றுகளாகும். இவை இரண்டும் தற்கால நாடக இயக்கத்தின் விளைவுகள். இவற்றினின்றும் வேறுபட்டு, பன்னெடுங்காலமாகக் கோயில் சடங்கோடு பிணைந்திருந்த ஒரு கூத்து மரபு சிறாரை நோக்கித் திரும்பிவரும் நிகழ்வு பாலக்காட்டில் காணலாகின்றது. கம்பராமாயணச் செய்யுள்களை அடிப்படையாகக் கொண்ட தோல்பாவைக்கூத்தே அம்மரபாகும். அம்மரபின் இளந்தலைமுறைக் கலைஞர்கள் பள்ளி மேடைக்கு எவற்றை எடுத்துச் செல்கின்றனர், எவற்றை விட்டுச் செல்கின்றனர் என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேட்போர் இல்லாத கூத்து

பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் இக்கூத்து நிகழ்கின்றது. கோயிலுக்குப் புறத்தே நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடமே இதன் அரங்கு. மாடத்தின் முகப்பில் ஏறத்தாழ 42 அடி நீளத்திற்குத் திரை கட்டப்படும். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக எரியும். அவ்வொளிக்கும் திரைக்கும் இடையே பாவைகள் அசையும். அவற்றை இயக்குவோர் புலவர் எனப்படுகின்றனர். கலைஞரை ஆட்டக்காரர் என்னாமல் புலவர் என்றழைக்கும் வழக்கே இம்மரபில் சொல்லுக்கு உள்ள முதன்மையைக் காட்டிவிடுகின்றது.

அறுவடை முடிந்தபின் தைத் திங்களை ஒட்டித் தொடங்கும் கூத்து, கோயில் வழக்கத்திற்கேற்ப 7, 14, 21, 41 என்றவாறு இரவுகள் நீளும். தாருகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணவியலாத பத்ரகாளி, அதனைக் கண்டு மகிழும்பொருட்டு இக்கூத்து ஏற்பட்டது என்பது மரபுவழிக் கதை. ஆகவே கூத்தின் முதன்மைக் காண்போர் தேவியே. இக்கூத்தைக் களத்தில் ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், மாடத்தின் முன் மனிதர் எவரும் இல்லாத நிலையிலும் புலவர்கள் இரவு முழுதும் செய்யுள் கூறி உரை விரித்து வருவதைப் பதிவுசெய்துள்ளார். புலவர்கள் ஒருவர்க்கொருவர் கேட்போராக அமைகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவு சிறார் அரங்கை ஆராய்வோர்க்கு இன்றியமையாதது. காண்போரின்றியும் நிகழவல்ல ஒரு கலை, காண்போர் இல்லையேல் நிகழவே இயலாத ஒரு கலையாக மாறும்போது அதன் உள்ளமைப்பு முழுதும் மாற்றத்திற்கு உள்ளாகின்றது. சிறார் விடியும்வரை காத்திருப்பதில்லை. சலிப்புற்றால் அதனை மறைப்பதுமில்லை.

மாடத்தைவிட்டு வெளியேறல்

சொரனூரை அடுத்த கூனத்தறையைச் சார்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இக்கூத்தைக் கோயில் வளாகத்திற்கு வெளியே பொதுமேடைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர். எடுத்துச் செல்லத்தக்க சிறு திரையும், சில நாழிகைக்குள் முடியும் கதையமைப்பும் இவ்வெளியேற்றத்தின் விளைவாக உருவாயின. அவர்தம் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பஞ்சதந்திரக் கதைகள், காந்தியடிகள் வரலாறு ஆகிய புதுப்பொருள்கள் நிழல்திரைக்கு வந்தமையில் இக்குடும்பத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

இம்மாற்றத்தைப் புதுமை வேட்கை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கோயில் கூத்து ஆண்டின் சில திங்கள்களுக்கு மட்டுமே உரியது. எஞ்சிய காலத்தில் கலைஞரின் வாழ்வுக்கு வழி வேண்டும். பாவை வெட்டவும் செய்யுள் பயிலவும் வரும் இளைஞர் அக்கலையிலேயே நிலைத்திருக்கவும் வேண்டும். பள்ளிகளும் பண்பாட்டு விழாக்களும் இத்தேவையை ஓரளவு நிறைவுசெய்தன.

இளந்தலைமுறையின் முயற்சிகள்

இராமச்சந்திரப் புலவரின் மக்களாகிய ராஜீவ், ராகுல், ரஜிதா ஆகியோர் இன்று இம்மரபின் இளந்தலைமுறையினர். இவர்களின் முயற்சிகளுள் இரண்டு தனித்து நோக்கத்தக்கவை.

ஒன்று, ரஜிதா 2021இல் அமைத்த பெண்கள் பாவைக்கூத்துக் குழு. கூத்துமாடத்தினுள் பாவை இயக்குதல் ஆடவர்க்கே உரியதாக இருந்துவந்தது. பாவை செய்வதில் துணைநின்ற பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று அதனை இயக்கும் நிலை வாய்க்கவில்லை. இத்தடையை நீக்கிப் பெண்ணின் நிலையையே பொருளாகக் கொண்டு இக்குழு நிகழ்த்தியது. பள்ளி மேடையில் இக்குழுவைக் காணும் சிறுமி, கதையைக் காண்பதோடு அக்கலை தனக்கும் உரியது என்பதையும் உணர்கின்றாள். சிறார் அரங்கின் பயன்களுள் இது தலையாயது.

மற்றொன்று, அதே 2021இல் ராகுல் புலவரின் பங்கேற்புடன் பாலக்காட்டு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பாவைகளை இயந்திரத்தால் அசைக்குமாறு செய்த அமைப்பு. சிறாரின் வியப்பைத் தூண்டுதற்கு இது ஏற்றதே. எனினும் இயந்திரம் பாவையை அசைக்குமேயன்றிச் செய்யுளுக்குப் பொருள் விரிக்காது. காணும் சிறுவன் ஒரு வினா எழுப்பின் விடை கூறாது. ஆகவே இதனைக் கூத்துக்கு அழைக்கும் வாயிலாகக் கொள்ளலாமேயன்றிக் கூத்தாகக் கொள்ளவியலாது.

உருவம் நிற்றலும் சொல் நீங்கலும்

இப்புதிய நிகழ்வுகளை ஒருங்குவைத்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலனாகின்றது. பாவையின் உருவம், அதன் துளையழகு, திரை, விளக்கொளி ஆகிய காட்சிக் கூறுகள் பெரும்பாலும் காக்கப்படுகின்றன. செய்யுளும் உரையும் ஆகிய சொற்கூறுகள் குறைகின்றன. மலையாள உரையாடலும் முன்னரே பதிவுசெய்த இசையும் அவ்விடத்தை நிரப்புகின்றன. சொரனூர், ஒற்றப்பாலம் பகுதிச் சிறாரின் தாய்மொழி மலையாளமாதலின் இது இயல்பே. எனினும் இழப்பு யாது என்பதைத் தெளிதல் வேண்டும்.

மாடத்துப் புலவர் கையாளும் பனுவல் ஆடற்பற்று எனப்படும். கம்பன் செய்யுள்களைத் தேர்ந்தெடுத்துத் தொடுத்து, அவற்றினிடையே தமிழும் மலையாளமும் விரவிய உரைநடையைச் சேர்த்தது அது. ஒரு செய்யுள் கூறப்பட்டபின் அதன் சொற்பொருள் விரியும், ஐயம் எழும், விடை வரும், கிளைக்கதை பிறக்கும். ஏட்டில் உறையும் கம்பன் உரையாடலாக உயிர்பெறும் இடம் இதுவே. தமிழகத்துக் கம்பன் கழக மேடைகளிலும் இவ்வாறான விளக்கம் உண்டெனினும், அங்குப் பேசுவோர் அறிஞர்; இங்கோ கதைமாந்தரே ஒருவரையொருவர் வினவுகின்றனர்.

உரைப்பகுதி நீண்டது, அருமையுடையது, ஆகவே சிறார்க்கு ஒவ்வாதது எனக் கருதி அது கைவிடப்படுதல் கூடும். ஆயின் ஆராய்ந்து நோக்குமிடத்து, இம்மரபில் சிறார்க்கு மிக அணுக்கமான கூறு அவ்வுரைப்பகுதியே எனலாம். ஏன், எதற்கு, பின்னர் யாது நிகழ்ந்தது என வினவுதல் சிறாரின் இயல்பு. வினாவும் விடையுமாகவே கதையை நடத்தும் ஓர் அரங்கு, அவ்வியல்புக்கு ஏற்ற வடிவத்தை முன்னரே கொண்டுள்ளது. நீளத்தைக் குறைத்தல் வேண்டும், வடிவத்தை நீக்கவேண்டுவதில்லை.

இரு மரபுகளின் ஒப்பீடு

தமிழகத் தோல்பாவைக்கூத்தோடு ஒப்பிடின் இக்கருத்து மேலும் விளக்கமுறும். மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் முதலியோரின் ஆய்வுகளால் அறியப்பெறும் அம்மரபில், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தார் தமிழில் கூத்து நிகழ்த்துகின்றனர். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் ஆகிய நகைச்சுவைப் பாவைகள் அங்குச் சிறாரைக் கவரும் பெருந்துணை. இராமாயணக் கதை தளரும்போதெல்லாம் இவ்விருவரும் திரையில் தோன்றி ஊர்ப்பேச்சில் சிரிப்பூட்டுவர். காசு கொடுத்துக் காண வருவோரை நம்பி வாழ்ந்த கூத்தாதலின், காண்போரைக் கட்டிவைக்கும் உத்தி அதன் அமைப்பினுள்ளேயே வளர்ந்தது.

பாலக்காட்டு மரபில் இத்தகைய நகைப்பாவை இணை இல்லை. தேவியின் பொருட்டு நிகழ்ந்த கூத்துக்கு அது தேவைப்படவுமில்லை. ஆகவே சிறாரை நோக்கி வரும் இளம் புலவர்க்கு இருவழிகள் உள்ளன. புறத்திலிருந்து விலங்குக் கதைகளையும் நகைச்சுவையையும் கொணர்தல் ஒருவழி. அகத்தே உள்ள வினாவிடை மரபைச் சிறாரை நோக்கித் திறந்துவிடுதல் மற்றொரு வழி. இதுகாறும் முதல்வழியே மிகுதியும் பயின்றுவந்துள்ளது. இரண்டாம் வழிக்கு உரிய பகுதிகள் கம்பனில் நிரம்ப உள. உறங்கும் கும்பகருணனை எழுப்பும் பகுதியின் அடுக்கிவரும் சொற்களும், கடலில் வானரர் மலைகளை இட்டு அணை கட்டும் பகுதியின் விரைந்த சந்தமும், பொருள் முழுதும் விளங்குமுன்னரே சிறாரின் செவியைப் பிணிக்க வல்லவை. செவியிற் பதிந்த சொல்லுக்குப் பின்னர்ப் பொருள் தேடுதலே குழந்தை மொழி கற்கும் முறையுமாகும்.

எல்லைப்புறச் சிறார்

இவ்விடத்தில் நிலவியல் சார்ந்த ஒரு முரண் சுட்டத்தக்கது. தமிழ்ச் செய்யுளைக் காத்துவரும் கூத்துமாடங்கள் மலையாளம் பேசும் பாரதப்புழைக் கரையூர்களில் செறிந்துள்ளன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சிறாரோ மாவட்டத்தின் கீழ்க்கோடியில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் மிகுதியாக வாழ்கின்றனர். ஆனைமலைத் தொடரிலிருந்து சித்தூர் வழியே வரும் ஆறே கீழே பாரதப்புழையோடு கலக்கின்றது. ஆற்றின் மேற்பகுதியில் தமிழ் பேசும் சிறார். கீழ்ப்பகுதியில் தமிழ்ச் செய்யுள் கூறும் புலவர்.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் இந்நிலையே. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் நின்ற இம்மலைப்பகுதிகளில், தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்களாகிய சிறார் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்றுவருகின்றனர். இவர்கட்குக் கம்பன் பாடநூலின் மனப்பாடப் பகுதியாகவே அறிமுகமாகின்றான். தம் மாநிலத்திலேயே, அண்டை மாவட்டத்திலேயே, அச்செய்யுள்கள் இரவெல்லாம் விளக்கொளியில் கூறப்படுகின்றன என்னும் செய்தி இச்சிறாரின் தன்மதிப்புக்கு உரமூட்ட வல்லது. வீட்டில் பேசும் தமிழைச் சிறுபான்மையினர் மொழியென மட்டுமே அறிந்த சிறுவன், அது கேரளத்துக் கோயிற் கலையொன்றின் மொழியுமாகும் என அறிதல் சிறிய பயனன்று.

கலைஞர்க்கும் இதனால் பயனுண்டு. செய்யுளைக் குறைக்குமாறு ஒருவகைக் காண்போர் வற்புறுத்த, அதனைக் காக்குமாறு மற்றொருவகைக் காண்போர் ஊக்குவர். செய்யுள் மனனம் பல்லாண்டுப் பயிற்சியை வேண்டுவது. கேட்போர் இல்லையேல் அப்பயிற்சிக்கு இளைஞரைத் தூண்டுதல் அரிது.

இரு மாநிலங்களுக்கு இடையிலான இத்தகைய கொடுக்கல் வாங்கல் புதிதன்று. 1967இல் ஜி. சங்கரப்பிள்ளை முதலியோர் சாஸ்தாங்கோட்டையில் தொடங்கிய நாடகக் களரி இயக்கத்தோடு உறவுகொண்ட சே. இராமானுஜம், திருச்சூர் நாடகப் பள்ளியிலும் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். சிறுவர் அரங்கிலும் அவர் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. அவர் 2016இல் மறைந்தபின் அப்பாலத்தைத் தொடர்வோர் தேவைப்படுகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தோல்பாவைக்கூத்து மாடத்தைவிட்டுச் சிறாரிடம் வந்தமை அதன் வீழ்ச்சியன்று. கேட்போரை இழந்த கலை கேட்போரைத் தேடிய முயற்சியே. பெண்களின் வருகை அதன் எல்லையை விரிவுபடுத்தியுள்ளது. ஆயினும் உருவத்தைக் காத்துச் சொல்லை நெகிழவிடும் போக்கு, புலவர் என்னும் பெயரின் பொருளையே நெகிழ்விக்கும் தன்மையது. வினாவிடை உரை சிறார் அரங்கிற்குத் தடையாகாது. அதுவே அதற்கு இயன்ற சிறந்த கருவி. சித்தூரிலும் மூணாற்றிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகள் அக்கருவிக்கு உரிய களம். அக்களத்தில் இளம் புலவர் ஒருவர் விளக்கேற்றிச் செய்யுள் கூறி நிறுத்தும்போது, பொருள் யாதெனத் திரைக்கு முன்னிருந்து ஒரு சிறுமி வினவுவாளாயின், நெடுங்காலம் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த புலவர் மரபுக்கு மறுகுரல் வாய்த்ததாகும்.