சுவரில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் ஒரு அக்கா

1999-ல் டெல்லி கால்காஜியில் சுவரில் கம்ப்யூட்டர் பதித்த சுகதா மித்ராவை, 'ஆசிரியரே வேண்டாம்' என்பதற்குச் சாட்சியா பலரும் இழுக்கிறாங்க. 2010-ல் ரீத்து டாங்வாலுடன் அவர் எழுதிய காளிக்குப்பம் கட்டுரையைப் படிச்சா அப்படித் தோணாது. தலைப்பே 'எல்லைகள்' என்றுதான் தொடங்குது.

தமிழ் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல். தாங்களாகப் படித்தபோது மதிப்பெண் சுமார் 30 சதவீதம். பாடமே தெரியாத ஒரு பெண் கூட நின்று பாராட்டிய பிறகு 50-ஐத் தொட்டது.

என் சந்தேகம் இது: அந்தக் கட்டத்தில் கூடுதல் நாட்களும் சேர்ந்தன. உயர்வுக்குக் காரணம் அவரா, நாட்களா? ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலன் தந்ததுன்னு எந்த டெஸ்டிங்கிலும் பிரிக்க முடியாது.

ஆனாலும் மித்ராவே அவரை முக்கியமாகச் சொல்கிறார். அவரைப் படித்தவர்கள்தான் திரையை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க மறந்துடறாங்க.