ஒளியும் லயமும்

தென்னங்காணிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த கொடிகாமத்தவனுக்கு நிழலின் இலக்கணத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உச்சிப்பொழுதில் அறுபதடி உயரத்திலே அசைகின்ற ஓலையின் நிழல் மணலில் விழும்போது அதன் ஓரம் ஏறத்தாழ அரையடி அகலத்துக்குக் கலங்கிக் கிடப்பதையும், அதற்குப் பக்கத்திலேயே முழங்காலுயரம் நிற்கின்ற செடியின் இலைநிழல் துல்லியமாக வரம்பு கட்டி நிற்பதையும் அவன் கண் நித்தியம் கண்டு பழகியிருக்கிறது. சூரியன் ஒரு புள்ளியன்று, நம் பார்வைக்கு அரைப்பாகை அகலமுள்ள வட்டம் என்பதே இதற்குக் காரணம். மறைக்கின்ற பொருள் நிலத்தை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு விரிந்து மங்குகிறது.

இந்த எளிய உண்மையைக் கணினி விளையாட்டுகள் நெடுங்காலம் போலியாகவே காட்டிவந்தன. சூரியன் இருக்குமிடத்திலிருந்து காட்சியை ஒரு முறை நோக்கி, எந்தப் பொருள் எதை மறைக்கிறதென்று குறித்துக்கொண்டு, அக்குறிப்பின் ஓரங்களை எங்கும் ஒரே அளவாகத் தேய்த்துவிடுவது பழைய முறை. தூரத்துக்கேற்பத் தேய்க்கும் தந்திரங்கள் பின்னால் வந்தபோதும் அவை அண்ணளவே. 2018 ஆம் ஆண்டில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகள் ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து சென்று கணிக்கும் வல்லமையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தன. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் அதனைப் பின்தொடர்ந்தன. கதிரைச் சூரிய வட்டத்தின் பல பாகங்களை நோக்கி அனுப்பினால் நிழலின் கலக்கம் தானாகவே பிறக்கிறது. புதிய தலைமுறை வரைகலை என்றவுடன் மழையில் நனைந்த தெருவில் மின்னுகின்ற விளம்பர விளக்குகளையே பலரும் சிலாகிக்கிறார்கள். எனக்கோ, ஒரு கல் நிலத்தைத் தொடுகின்ற இடத்தில் நிழல் இறுகி, விலகிச் செல்லச் செல்ல நெகிழ்கின்ற அந்த அடக்கமான செயலிலேதான் அதன் சௌந்தரியம் முழுவதும் இருப்பதாகத் தோன்றுகிறது.

நம் மண்ணுக்கு அண்மையான நிலமொன்றைத் திரையில் சிருஷ்டித்த பெரும்படைப்பு, நோட்டி டோக் நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட ‘அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி’. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டிலே, ஹொய்சளப் பேரரசின் சிதைவுகளுக்கிடையே, விநாயகரின் தந்தத்தைத் தேடிச் செல்லும் கதை. பிளேஸ்டேஷன் 4க்காக எழுந்த அந்தப் படைப்பில் கதிர் கணிப்பு எதுவும் கிடையாது. ஒளியின் பெரும்பகுதி முன்கூட்டியே கணிக்கப்பட்டு, சுவரிலும் பாறையிலும் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், ஜீப் சேற்றில் இறங்கி ஏறும்போது சக்கரமும் பக்கத் தகடும் செம்மை பூசிக்கொள்வதையும், ஆற்றில் இறங்கிய நாயகியின் உடை தண்ணீர் தொட்ட உயரம் வரைக்குமே கறுத்து நின்று, பின் மெல்ல உலர்வதையும் கண்டவர்கள், அங்கே உழைத்தவர்களின் அவதானத்தை வியவாமல் இருக்க முடியாது. ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். ஹொய்சளச் சிற்பியின் கீர்த்தி நுணுக்கத்தில் இருப்பது. இவ்விளையாட்டோ மலையளவு உருவங்களை நிறுத்திப் பிரமாண்டத்தையே நாடியது.

பிளேஸ்டேஷன் 4இல் வினாடிக்கு 30 பிரேம்களாக ஓடிய இது, 2022 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 5க்கும், அதே ஆண்டு ஒக்ரோபர் 19 ஆம் திகதி கணினிக்கும் வந்து சேர்ந்தது. கணினிக்கு வருதல் என்பதில்தான் இக்கலையின் மறைவான கஷ்டம் அத்தனையும் அடங்கியிருக்கிறது. தன் ஊர்க் கொட்டகையின் நீள அகலம் அறிந்து, அடவு பழகிய கூத்துக்குழு, முன்பின் காணாத ஆயிரம் முற்றங்களில் ஒரே இரவில் ஆட நேர்ந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பிளேஸ்டேஷனில் கருவி ஒன்றே. பரப்புகளுக்கு நிறமும் ஒளியும் கூட்டுகின்ற ஷேடர் எனும் சிறு நிரல்களை அந்த ஒரு கருவிக்கென்றே முன்கூட்டித் தொகுத்துத் தந்துவிடலாம். கணினியிலோ கார்டு வேறு, டிரைவர் மென்பொருள் வேறு. ஆகவே அந்நிரல்கள் அவரவர் வீட்டிலேயே தொகுக்கப்பட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் நடுவே அது நிகழுமாயின், வினாடிக்கு 60 பிரேம் என்ற கணக்கில் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவினாடியே கிடைக்கின்ற அவகாசம் போதாமல், படம் ஒரு கணம் திடுக்கிட்டு நிற்கிறது. அந்த ஒரு கணம் போதும், அழகின் பிரமை முழுவதும் குலைவதற்கு. நினைவகத்தின் சங்கதியும் இவ்வாறே: பிளேஸ்டேஷன் 5இல் 16 ஜிபி ஒரே பொதுக் களஞ்சியமாக இருக்க, கணினியில் அது ராமாகவும் கார்டின் தனி நினைவகமாகவும் பிரிந்து, இரண்டுக்குமிடையே பண்டம் ஓயாமல் கைமாற வேண்டியிருக்கிறது.

2015 ஜூனில் ‘பேட்மன்: ஆர்க்கம் நைட்’ கணினிப் பதிப்பு இத்தகைய கோளாறுகளால் வெளியான மறுநாளே விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டு, ஒக்ரோபர் இறுதியிலேதான் திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் வந்த ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பாகம் 1’ஐ வாங்கியவர்களிற் பலர் ஷேடர் தொகுப்பு முடியவே நெடுநேரம் காத்திருந்தார்கள், 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் மங்கிய சுவர்களைக் கண்டு மனம் நொந்தார்கள், திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகே அப்படைப்பின் உண்மையான லாவண்யம் கணினியில் துலங்கியது. ஆர்க்கம் நைட்டைக் கணினிக்குக் கொண்டுவந்த அயர்ன் கலக்சி நிறுவனமே ஏழாண்டுகள் கழித்து ‘லொஸ்ட் லெகசி’யையும் கொண்டுவந்தது என்பதை நான் பெருமதிப்போடு குறிப்பிடுகிறேன். தோல்வியில் பெற்ற ஞானத்தை மறுபடைப்பிலே செலவிட்ட சிற்பிகளின் கைகள் அவை. காட்டுச் சரிவில் ஜீப் இறங்குகையில் பிரேம்கள் லயம் பிசகாமல் ஒன்றையொன்று தொடர்வதை அனுபவிக்கின்றபோது, அவர்களது பிரயத்தனம் கண்ணுக்குப் புலப்படாமலே நமக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நம் இலங்கைத் தேசத்தில், மின்சாரக் கட்டணமும் இறக்குமதிப் பொருளின் விலையும் ஏறிக்கிடக்கையில், ரசிகனும் இந்த வேலையில் ஒரு பங்கு வகிக்க வேண்டியவனாகிறான். 170 வாற் இழுக்கின்ற கார்டொன்று சித்திரை வெய்யிலில் ஓட்டுக்கூரை அறையை என்ன பாடு படுத்தும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஆதலால் செட்டிங்ஸ் பக்கத்தைப் பொறுமையோடு வாசிக்கப் பழகுதல் நன்று: தாழ்ந்த நுணுக்கத்தில் வரைந்து உயர்ந்த படமாக மீட்டெடுக்கின்ற டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரை முதலில் இயக்குதல், பிரேமுக்கு ஒரு உச்சவரம்பு கட்டுதல், கண் தேடாத தூரத்துப் புல்லின் அடர்த்தியைக் குறைத்து, கண் தேடுகின்ற முகத்துக்கும் கல்லுக்கும் அந்தச் சக்தியைக் கொடுத்தல். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துத் தடுமாற விடுபவர்களின் ரசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 ஏப்ரலில் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டு, காட்சியின் ஒளி ஏறத்தாழ அனைத்தையும் கதிர் கணிப்பாலேயே தீர்மானிக்கின்ற முறையைக் கணினியில் நடத்திக் காட்டிவிட்டது. அம்முறை ஒருநாள் ஹொய்சளர் எழுப்பிய பேலூர்க் கோயிலின் உள்மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். கடைந்தெடுத்து மெருகேற்றிய அந்த மாக்கல் தூண்களின் வளையங்கள் ஒவ்வொன்றிலும் வாசல் ஒளியும், எதிர்த்தூணும், நடந்து செல்லும் மனிதனின் உருவமும் வளைந்து வளைந்து விழுவதைத் திரையிலே காண வேண்டும். அதைக் கணினிக்குக் கொண்டுவருகின்றவர்கள் கொடிகாமத்துப் பையனொருவனின் நடுத்தரக் கார்டையும் மனதில் வைத்து வேலை செய்ய வேண்டும்.